பட்டியல் மட்டும் போதுமா?

எங்கள் வீட்டில் முறுக்குப் பிழியும் நாழி ஒன்று உண்டு. அதற்கு ஆறு அச்சுகள். எந்த அச்சு தேன்குழலுக்கு, எது ஓமப்பொடிக்கு, எது நாடாப் பகோடாவுக்கு, எதைப் போட்டால் மாவைச் சற்று இளக்கமாகப் பிசைய வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துபடி. ஒருமுறை அவர் ஊரில் இல்லாத நாளில் நானும் தங்கையும் முறுக்குச் சுட முனைந்தோம். அச்சுகளை எண்ணிப் பார்த்தோம்; ஆறும் சரியாக இருந்தன. முறுக்குத்தான் வரவில்லை!

அச்சுகள் எத்தனை என்று அறிவது ஒன்று. ஒவ்வோர் அச்சும் எதற்கு என்று அறிவது மற்றொன்று. முன்னதைப் பட்டியல் சொல்லிவிடும். பின்னதை, அறிந்தவர் ஒருவர் எழுதி வைத்தால்தான் உண்டு. இந்தச் சிறிய உண்மையை நான் கணிப்பொறியின் முன் அமர்ந்து, பலர் பார்க்கச் சறுக்கி விழுந்த பிறகே கற்றுக்கொண்டேன். அதனைச் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வார்ப்புரு என்பது யாது?

இன்று நாளிதழ்கள், அரசுத் துறைகள், கல்லூரிகள், கலைக்களஞ்சியங்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் பெரும்பாலும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படும் மென்பொருளைக் கொண்டே நடைபெறுகின்றன. எழுதுபவர் செய்தியைத் தருகிறார். அதனை எந்த வடிவில் காட்டுவது என்பதை அமைப்பு பார்த்துக்கொள்கிறது. அந்த வடிவத்தைத் தரும் அச்சுக்கு ஆங்கிலத்தில் டெம்ப்ளேட் என்று பெயர். 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு 'வார்ப்புரு' என்னும் அழகிய சொல் வழங்கி வருகிறது.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஒரு கட்டற்ற மென்பொருள். எவரும் கட்டணமின்றிப் பெற்றுத் தம் கணிப்பொறியில் நிறுவிக்கொள்ளலாம். எங்கள் துறை ஆய்வுக்கூடக் கணிப்பொறி ஒன்றிலும் அது இருக்கிறது. எங்களுக்கு முன் படித்த அண்ணன்மார், தாவரவியல் துறையினரோடு சேர்ந்து கல்லூரி வளாகத்து மரங்களைப் பற்றி அதில் எழுதத் தொடங்கினார்கள். வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி, சரக்கொன்றை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் படத்துடன் கூடிய ஒரு பெட்டி. அதில் தமிழ்ப் பெயர், அறிவியற் பெயர், குடும்பம், பூக்கும் காலம். இந்தப் பெட்டியைப் பக்கந்தோறும் புதிதாக வரைய வேண்டியதில்லை. வார்ப்புரு ஒன்றை ஒரு முறை அமைத்துவிட்டு, பக்கத்தில் அதன் பெயரையும் உரிய விவரங்களையும் மட்டும் எழுதினால் போதும். வார்ப்புருவில் ஓர் எழுத்தைத் திருத்தினால், அதனைப் பயன்படுத்தும் பக்கங்கள் அனைத்தும் திருந்திவிடும். வசதியும் அதுதான்; ஆபத்தும் அதுதான்!

'இடம்: ஆம்'

அண்ணன்மார் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்கள். அந்தப் பணி என் கைக்கு வந்தது. மரப் பெட்டிக்கான வார்ப்புருவைத் திறந்து பார்த்தேன். பெயர், குடும்பம், பூக்கும் காலம் என்ற அளவுருக்களுக்கு நடுவே 'இடம்' என்றொன்று இருந்தது. அளவுரு என்பது, வார்ப்புருவுக்குள் நாம் விவரம் இட்டு நிரப்பும் காலிக் கட்டம். மரம் நிற்கும் இடத்தைக் குறிக்கத்தான் அது இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். 'நூலகத்தின் பின்புறம்' என்று நிரப்பிப் பார்த்தேன். பெட்டியில் எதுவும் தோன்றவில்லை. "அண்ணன்மார் இதைப் பாதியில் விட்டுவிட்டார்கள் போலும்" என்று எண்ணிக்கொண்டு, அந்த விவரம் பெட்டியில் தெரியும்படி வார்ப்புருவைத் திருத்திச் சேமித்தேன். மிகுந்த மனநிறைவுடன் வீட்டுக்குச் சென்றேன்.

மறுநாள் காலை தாவரவியல் பேராசிரியர் என்னை அழைத்தார். "தம்பி, ஒவ்வொரு மரத்துக்கும் 'இடம்: ஆம்' என்று போட்டிருக்கிறாயே, இதற்கு என்னப்பா பொருள்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால், வேம்புக்கும் 'இடம்: ஆம்', புங்கனுக்கும் 'இடம்: ஆம்'. மொத்தம் 43 பக்கங்கள்!

பிறகுதான் புரிந்தது. அண்ணன்மார் எழுதிய 'இடம்', ஊர் இடம் அன்று. இடம் வலம் என்கிறோமே, அந்த இடம்! பெட்டியைப் பக்கத்தின் இடப்புறத்தில் நிறுத்த வேண்டுமானால் அங்கே 'ஆம்' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். இதைப் பற்றி ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் அவர்கள் எண்ணம் எனக்கு விளங்கியிருக்கும். ஆனால், குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. அந்த வார்ப்புரு எத்தனை பக்கங்களில் வழங்குகிறது என்று கேட்டுப் பாராமலே கைவைத்தேனே, அந்தக் குற்றம் முற்றிலும் என்னுடையது. கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை கிடைத்திருக்கும்.

கேட்டால் தரும் அமைப்பு

மீடியாவிக்கியில் பக்கங்கள் 'பெயர்வெளி' எனப்படும் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கட்டுரைகளுக்குரிய பெயர்வெளியின் எண் 0, வார்ப்புருக்களுக்குரியது 10, பகுப்புகளுக்குரியது 14. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் கேள்வி கேட்டு விடை பெறுவதற்கென அமைந்த வாயில் ஒன்று உண்டு, அதனை ஏ.பி.ஐ. என்பர். அந்த வாயிலில் நின்று, 'பெயர்வெளி 10இல் உள்ள பக்கங்களையெல்லாம் தருக' என்று கேட்டால் வார்ப்புருக்களின் பட்டியல் வந்துவிடும். இந்தக் கேள்விக்கு 'ஆல்பேஜஸ்' என்று பெயர்.

ஒன்றும் சொல்லாமல் கேட்டால் முதற்பத்துப் பெயர்கள் மட்டுமே வரும். அளவைக் கூட்டிக் கேட்டால் ஒரு தடவைக்கு 500 வரை கிடைக்கும். தானியங்கி நிரல்கள் போன்று தனி உரிமை பெற்ற கணக்குகளுக்கு 5,000 வரை. பட்டியல் அதற்கும் நீளமானால், விடையோடு 'இங்கிருந்து தொடர்க' என்னும் ஓர் அடையாளக் குறிப்பு வரும். அதனை அடுத்த கேள்வியில் சேர்த்து அனுப்ப வேண்டும். பலரும் இந்தக் குறிப்பைக் கவனியாமல், முதல் தவணையையே முழுப் பட்டியல் என்று நம்பிவிடுகிறார்கள். நூலின் முதல் அதிகாரத்தைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதப் போவது போன்றது இது!

பட்டியலோடு ஒவ்வொரு வார்ப்புருவைப் பற்றிய குறிப்புகளையும் கேட்கலாம். கடைசியாகத் திருத்தியவர் யார், எந்த நாளில், அதன் நீளம் எத்தனை பைட்டு, அதனைத் திருத்தவிடாமல் பூட்டு ஏதும் இடப்பட்டுள்ளதா என்பன போன்றவை அவை. 'எம்பெடட்இன்' என்னும் கேள்வியோ, இந்த வார்ப்புரு எந்தெந்தப் பக்கங்களில் வழங்குகிறது என்பதைச் சொல்லும். நான் கேட்கத் தவறிய கேள்வி இதுதான். இவ்வாறு ஒரு பொருளைப் பற்றி அமைப்பு வைத்திருக்கும் விவரங்களை மேல்நிலைத் தரவு என்கிறோம். நூலகத்தில் நூல் தரவு என்றால், அட்டவணைப் பெட்டியிலுள்ள அட்டை மேல்நிலைத் தரவு.

மற்ற அமைப்புகளிலும் இவ்வசதி உண்டு. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் அமைப்பின் புதிய பதிப்புகளில் வார்ப்புருக்களின் பட்டியலைக் கேட்டால், ஒவ்வொன்றின் தலைப்பு, விளக்கம், அது எந்தத் தோற்றத் தொகுப்பைச் சேர்ந்தது, தொகுப்போடு வந்ததா அல்லது தளத்தை நடத்துபவர் மாற்றியதா என்பதெல்லாம் கிடைக்கும். ஆனால், உரிய அனுமதியுடன் உள்நுழைந்தவர்களுக்கே அது கிடைக்கும். விக்கிப்பீடியா போன்ற பொதுத்தளத்திலோ, கணக்கே இல்லாதவரும் இந்தப் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். அறிவுச் செல்வம் பொதுவில் இருப்பது என்றால் இதுவன்றோ!

பட்டியல் சொல்லாத செய்திகள்

இத்தனையும் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இங்குதான் நண்பர்களே, நாம் விழிப்பாக இருக்க வேண்டும். பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால், முழு உண்மையையும் சொல்வதில்லை.

தவறு நேர்ந்த பிறகு எங்கள் தளத்தின் வார்ப்புருப் பட்டியலை முறையாகக் கேட்டேன். 64 என்று வந்தது. இத்தனை வார்ப்புருக்களா என்று மலைத்தேன். பிறகு பார்த்தால், பெயர் மாற்றியபோது உண்டான வழிமாற்றுகளும் அதில் அடக்கம். சோதனைக்காக எழுதப்பட்ட துணைப்பக்கங்களும் அடக்கம். பட்டியலைப் பொறுத்தவரை அவையெல்லாம் பெயர்வெளி 10இல் உள்ள பக்கங்களே. வழிமாற்றுகளை விலக்குமாறு கேள்வியிலேயே சொல்லலாம். துணைப்பக்கங்களை நாமே கழித்தாக வேண்டும். கழித்த பின் எஞ்சியவை 38.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. 'எங்கும் பயன்படாத வார்ப்புருக்கள்' என்று ஒரு சிறப்புப் பக்கமே மீடியாவிக்கியில் உண்டு. அதில் உள்ளவற்றையெல்லாம் நீக்கிவிடலாமே என்று தோன்றும். நீக்கினால் மோசம் போவோம். வார்ப்புருவைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பக்கத்தில் அதன் பெயரை நிலையாக நிறுத்துவது. மற்றொன்று, சேமிக்கும் கணத்திலேயே அதன் உள்ளடக்கத்தைப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் பெயர் மறைந்துவிடுவது. இதனைப் பதிலீடு என்பர். புதியவர்களை வரவேற்கும் செய்தி போன்றவற்றுக்கு இந்த இரண்டாம் வழி ஏற்றது. அவ்வாறு நாள்தோறும் பயன்படும் வார்ப்புருவும் 'எங்கும் பயன்படாதது' என்றே கணக்கில் தெரியும்! திருமண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்தவரைப் பந்தியில் தேடினால் கிடைப்பாரா? வேலை முடிந்ததும் சுவடின்றி விலகிவிட்டார். அவர் பயனற்றவர் என்று சொல்லலாமா?

மூன்றாவது செய்திதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. வார்ப்புருவின் நோக்கத்தையும் அதன் அளவுருக்களின் பொருளையும் ஒழுங்கான வடிவில் எழுதி வைப்பதற்கென்றே 2013ஆம் ஆண்டில் 'டெம்ப்ளேட்டேட்டா' என்னும் வசதி மீடியாவிக்கிக்கு வந்தது. ஒவ்வோர் அளவுருவுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அதில் எண் வருமா எழுத்து வருமா, கட்டாயமா இல்லையா என்பதையெல்லாம் அதில் குறிக்கலாம். விளக்கத்தைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாகச் சேர்த்தும் வைக்கலாம். இந்த விவரங்களையும் ஏ.பி.ஐ. வழியே கேட்டுப் பெறலாம். ஒரு கேள்விக்கு 50 வார்ப்புருக்கள் வரை.

எங்கள் 38 வார்ப்புருக்களின் பெயர்களையும் கொடுத்து இந்த விளக்கங்களைக் கேட்டேன். விடையில் ஐந்தே ஐந்து பெயர்கள் இருந்தன. மற்ற 33 எங்கே? நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன். பிழை இல்லை. விளக்கம் எழுதப்படாத வார்ப்புருக்களை அந்தக் கேள்வி தானாக விட்டுவிடும். அவற்றையும் சேர்த்துத் தருமாறு தனியே சொன்னால்தான் தரும். அப்போதும் நிரலைப் பார்த்து அளவுருக்களின் பெயர்களை ஊகித்துத் தருமே தவிர, பொருளைத் தராது. அதாவது, 'இடம்' என்று தரும். எந்த இடம் என்று தராது!

விளக்கம் எழுதப்படாதது கண்ணுக்கே தெரியாமல் போகிறது. மென்பொருளுக்கு மட்டும் பொருந்தும் உண்மையா இது?

முதற்பட்டியலில் 38; இரண்டாம் பட்டியலில் ஐந்து. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 33. அந்த இடைவெளிதான் நாம் செய்யாமல் விட்ட வேலையின் அளவு. பட்டியல் எடுப்பதன் உண்மையான பயன், இந்தக் கடனை நமக்குக் கணக்கிட்டுக் காட்டுவதே என்பது என் தாழ்மையான கருத்து.

மறுத்துரைப்பார்க்கு ஒரு சொல்

'நிரலைப் படித்தால் எல்லாம் விளங்கும், விளக்கம் எதற்கு?' என்பாரும் உளர். நிரல், அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். எதற்காகச் செய்கிறது என்பதைச் சொல்லாது. நானும் நிரலைப் படித்தவன்தான். படித்துவிட்டுத்தான் 43 மரங்களுக்கு 'இடம்: ஆம்' என்று எழுதி வைத்தேன்!

'செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நொடியில் விளக்கம் எழுதித் தருமே' என்று நண்பர் ஒருவர் கேட்டார். தரும், வரைவுக்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், வார்ப்புருவை ஆக்கியவரின் மனத்தில் இருந்ததை அதுவும் நிரலிலிருந்தே ஊகிக்க வேண்டும். ஆக்கியவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அவர் பட்டம் பெற்றுச் சென்ற பின் யாரிடம் கேட்பது?

'வார்ப்புருக்கள் பல ஆங்கிலத்திலிருந்து வருபவை. விளக்கத்தை ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்ளலாமே' என்பது மூன்றாவது வாதம். நம் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் உண்டு. அவர்களுள் ஒரு மாணவி தன் ஊர் ஏரியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத முன்வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குச் செய்தி தெரியும், தமிழும் தெரியும். பெட்டியை நிரப்பும் இடத்தில் ஆங்கில விளக்கம் மட்டும் இருந்தால், அங்கேயே தயங்கி நின்றுவிடுவாள். ஏரி எழுதப்படாமலே போகும். நாம் எழுதாத இரண்டு வரிகளுக்கு அவள் கொடுக்கும் விலை அது.

நாம் செய்யக்கூடியது

குறை சொல்வது எளிது. வழி சொல்ல வேண்டாமா? எங்கள் துறையில் இவ்வாண்டு ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியுள்ளோம். பருவத்துக்கு ஒருமுறை வார்ப்புருக்களின் முழுப் பட்டியலையும், விளக்கமுள்ளவற்றின் பட்டியலையும் எடுத்து, எடுத்த நாளையும் குறித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். நாள் குறிக்காத பட்டியல், தேதி கிழிந்த நாட்காட்டியைப் போன்றது. இடைவெளியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மாணவர் தம் பெயரை எழுத வேண்டும். அவர் செய்ய வேண்டியவை நான்கு: இந்த வார்ப்புரு எதற்கு என்று இரண்டு வாக்கியம், ஒவ்வோர் அளவுருவுக்கும் ஒரு வரி, நிரப்பிக் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு, பதிலீடாக வழங்குவதாயின் அதைப் பற்றிய எச்சரிக்கை. ஒரு மாலைப் பொழுது போதும்.

வார்ப்புருவைத் திருத்துவோருக்கும் ஒரே விதிதான்: எத்தனை பக்கங்களில் வழங்குகிறது என்று கேட்காமல் கைவைக்காதே!

இதனை எழுதும் இந்நாளில் 33ஆக இருந்த இடைவெளி 19ஆகக் குறைந்திருக்கிறது. முதலில் விளக்கம் எழுதப்பட்ட வார்ப்புரு எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மரப் பெட்டியின் அந்த அளவுருவுக்கு இப்போது 'இடப்புறம்' என்று பெயர். மரம் நிற்குமிடத்துக்குத் தனியே 'நிற்குமிடம்' என்று புதிதாக ஒன்றும் சேர்த்திருக்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் நிரலுக்கு மதிப்பெண் தருகிறீர்கள். அந்த நிரலை அடுத்து வருபவன் புரிந்துகொள்ளும்படி எழுதிய விளக்கத்துக்கும் கொஞ்சம் மதிப்பெண் தாருங்கள். மாணவர்கள் மதிப்பெண் உள்ள பக்கமே சாய்வார்கள் என்பது தாங்கள் அறியாததா?

மூன்றாண்டுகள் இங்கே படித்துவிட்டு நாம் போய்விடுவோம். நாம் எழுதியவை அந்தக் கணிப்பொறியில் இருக்கும். நமக்குப் பின் வரும் தம்பி, தங்கையர் பட்டியலைக் கேட்பார்கள், பெயர்கள் வரும். அந்தப் பெயர்களோடு நம் இரண்டு வரிகளும் சேர்ந்து வர வேண்டும். அவர்களில் ஒருவரேனும், மறுநாள் காலை பேராசிரியர் முன் தலைகுனிந்து நிற்காமல் தப்பினால், எழுதியவர் செலவிட்ட ஒரு மாலைப் பொழுது வீண்போகவில்லை!